வியர்வையில் தெரிந்த நோய்: தண்டுவட மருத்துவர் உருவான வரலாறு

தண்டுவடம் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அறுபட்டு அல்லது நசுங்கிப்போன ஒருவருக்கு, சிறுநீர்ப்பை நிரம்பி வெளியேற வழியில்லாமல் போவது, மலம் இறுகித் தங்கிவிடுவது, கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்துவிடுவது போன்ற எளிய காரணம் ஒன்றே போதும். இரத்த அழுத்தம் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். இந்த நிலையை ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. இதயத் துடிப்பு, இரத்தக் குழாய்களின் விரிவும் சுருக்கமும், வியர்வை, செரிமானம் ஆகியவற்றை நம் விருப்பத்தின் தலையீடு இல்லாமல் நடத்திவரும் தானியங்கு நரம்பு மண்டலம், மூளையின் கட்டுப்பாட்டை இழந்து அளவுமீறி எதிர்வினை புரிவதே இதன் சாரம். உடனே காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கினால் அழுத்தம் தானே இறங்கிவிடும். நீக்கத் தவறினால் வலிப்பும் மூளை இரத்தக்கசிவும் மரணமும் நேரலாம். இவ்வளவு அபாயமானதும் இவ்வளவு எளிதில் தீர்க்கக்கூடியதுமான ஒரு நோய்க்கு உரிய மருத்துவர் யார் என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகில் எங்குமே தெளிவான விடை இருக்கவில்லை.

அந்த விடை ஏன் தாமதித்தது என்பதை அறிய, நோய் நடக்கும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்புப் பகுதியின் மேல்முனையிலிருந்தும் புறப்படுகின்றன. அவற்றுள் வயிற்றுறுப்புகளின் பெரும் இரத்தக் குழாய்த் தொகுதிக்குச் செல்பவை ஏறத்தாழ ஆறாவது மார்பு மட்டத்திலிருந்து கீழே தொடங்குகின்றன. காயத்துக்குக் கீழே சிறுநீர்ப்பை விம்மும்போது எழும் செய்தி தண்டுவடத்தில் ஏறி, காயம்பட்ட இடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே நோயாளிக்கு வலியோ சிறுநீர் முட்டும் உணர்வோ தெரிவதில்லை. ஆனால் அதே செய்தி காயத்துக்குக் கீழே உள்ள பரிவு நரம்புகளைத் தூண்டிவிட, வயிற்றிலும் கால்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் ஒருசேரச் சுருங்க, இரத்த அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை மூளைக்கு அறிவிக்கின்றன. அவற்றின் செய்தி தண்டுவடத்தின் வழியாக அல்லாமல் மூளை நரம்புகளின் வழியாகச் செல்வதால் தடையின்றிப் போய்ச் சேர்கிறது. மூளை தன்னால் இயன்ற இரண்டையும் செய்கிறது: வேகஸ் நரம்பின் மூலம் இதயத் துடிப்பைக் குறைக்கிறது, காயத்துக்கு மேலே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சுருக்கத்தை நிறுத்தும்படி கீழே அனுப்ப வேண்டிய கட்டளை மட்டும் அறுபட்ட இடத்தைத் தாண்டிச் செல்வதில்லை. இதனால் தலை வெடிப்பது போன்ற வலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு, நெற்றியிலும் கழுத்திலும் கொட்டும் வியர்வை ஆகியவை மேலேயும், வெளிறிக் குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்த தோல் கீழேயும் தோன்றுகின்றன. ஒரே உடலில் இரண்டு பருவநிலைகள் நிலவும் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்து உணர்ந்த மருத்துவர் அதை மறப்பதில்லை. பார்க்காதவருக்கோ அது புரிவதே இல்லை.

இங்கேதான் துறைகளின் சிக்கல் எழுகிறது. தலைவலி என்று நரம்பியல் மருத்துவரிடமும், இரத்த அழுத்தம் என்று இதய மருத்துவரிடமும், அடைபட்ட குழாய் என்று சிறுநீரகவியல் அறுவை மருத்துவரிடமும், மலச்சிக்கல் என்று குடல் மருத்துவரிடமும் நோயாளி அனுப்பப்படலாம். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்தாலும், தலைவலிக்கும் குழாய்க்கும் உள்ள தொடர்பு எவர் கண்ணிலும் படாமல் போக இடமுண்டு. மேலும், கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் இயல்பான மேலளவு இரத்த அழுத்தமே 90 முதல் 110 மில்லிமீட்டர் பாதரசம் என்ற அளவில்தான் இருக்கும். அவரிடம் 140 என்று அளந்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக்கொடுக்கும் மருத்துவர் கருவியைச் சரியாகப் படித்தவரே, ஆனால் நோயாளியை அறியாதவர். இவ்வகை நோயாளியின் உடல் முழுவதையும் ஒரே பார்வையில் கொள்ளும் மருத்துவர் வேண்டியிருந்தார். அவர் உருவாவதற்கு முன்னால், அத்தகைய நோயாளிகள் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

தண்டுவடக் காயத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று எகிப்தில் கிடைத்தது. கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்டதும், எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று அதை வாங்கியவரின் பெயரால் அறியப்படுவதுமான அறுவை மருத்துவச் சுவடி, கழுத்தெலும்பு நழுவியவன் கைகால் உணர்விழந்து, தன்னையறியாமல் சிறுநீர் சொட்டக் கிடப்பதைத் துல்லியமாக வருணித்துவிட்டு, இது சிகிச்சைக்கு உரியதன்று என்று முடித்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஏறக்குறைய மாறாமல் நின்றது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நோயாளியைக் கொன்றுவிட்டன; முதல் உலகப் போரில்கூட முதுகில் குண்டடிபட்டுத் தண்டுவடம் அறுந்த வீரர்களில் பெரும்பாலோர் விரைவில் இறந்தனர். டிஸ்ரிஃப்ளெக்ஸியா காயம்பட்ட உடனே பொதுவாகத் தோன்றுவதில்லை. அடிபட்ட தண்டுவடம் முதலில் தண்டுவட அதிர்ச்சி எனப்படும் செயலற்ற நிலையில் பல நாள்களோ வாரங்களோ கிடந்து, பின்னர் காயத்துக்குக் கீழே உள்ள அனிச்சைச் செயல்கள் மீண்டபிறகே இந்நோய்க்கு வழி பிறக்கிறது. ஆகவே அந்தக் காலம்வரை பிழைத்திருந்த நோயாளி மிகச் சிலர் என்பதால், நோயைப் பார்த்த மருத்துவரும் மிகச் சிலரே ஆயினர்.

அந்தச் சிலரில் ஒருவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆந்தனி பௌல்பி. தண்டுவடம் காயமுற்ற ஓர் இளைஞருக்குச் சிறுநீர்க் குழாய் செலுத்தியபோது தலையிலும் கழுத்திலும் வியர்வை பெருகித் தோல் சிவந்ததை அவர் 1890இல் பதிவு செய்தார். பதிவு இருந்ததே தவிர, அதைத் தொடர்ந்து ஆராய்வார் இல்லை. போர் நோயாளிகளை ஓரிடத்தில் திரட்டியபோதுதான் அடுத்த அடி வைக்கப்பட்டது. ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய இளைய துணைவர் ஜார்ஜ் ரிடோக்கும் லண்டனில் தண்டுவடம் சிதைந்த வீரர்களை மாதக்கணக்கில் கவனித்து, 1917இல் பிரெய்ன் ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி மூளையின் துணையின்றியே சிறுநீர்ப்பையைத் தானாகக் காலி செய்யும் ஆற்றல் பெறுகிறது என்பதோடு, சிறுநீர்ப்பை நிரம்பும்போது காயத்தின் மட்டத்துக்கு மேலே அளவுகடந்த வியர்வை தோன்றுகிறது என்பதையும் அவர்கள் காட்டினர். தம் சொந்தக் கையின் நரம்பை அறுக்கச் செய்து, உணர்வு மீளும் படிநிலைகளை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தவர் ஹெட். ஒரு துளி வியர்வையையும் பொருட்படுத்தாமல் விடாத அந்தக் கவனம் இக்கட்டுரையிலும் உள்ளது. ஆனாலும் வியர்வைக்கு அடியில் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததை அவர்கள் கண்டறியவில்லை. போர் முடிந்ததும் நோயாளிகள் கலைந்தனர், இறந்தனர். அறிவு ஆய்விதழின் பக்கங்களில் தங்கிவிட்டது.

அதே 1917ஆம் ஆண்டில், போரின் மறுபக்கத்தில், ஜெர்மனியின் மேல் சைலீசியாவில் கோனிக்ஸ்ஹூட்டே என்ற சுரங்க நகரின் விபத்து மருத்துவமனையில் பதினெட்டு வயதில் தொண்டு செய்துகொண்டிருந்த லுட்விக் குட்மன், முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டார். கட்டுடல் கொண்ட அந்த இளைஞரை மற்றவர் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் கிடத்தியிருந்தனர். சில வாரங்களில் இறந்துவிடுவார் என்பதால் குறிப்பெழுதிச் சிரமப்பட வேண்டாம் என்று குட்மனுக்குச் சொல்லப்பட்டது. சொன்னபடியே அவர் நச்சுத் தொற்றால் இறந்தார். யூதக் குடும்பத்தில் 1899இல் பிறந்த குட்மன் பின்னர் மருத்துவம் பயின்று, பிரெஸ்லாவில் அக்காலத்தின் தலைசிறந்த நரம்பியல் அறிஞர்களுள் ஒருவரான ஓட்ஃபிரிட் ஃபோர்ஸ்டரிடம் பணிபுரிந்தார். அங்கே அவர் ஈடுபட்ட ஆய்வுகளுள் ஒன்று வியர்வை பற்றியது. குவினிசரின் என்ற சாயப்பொடியை உடலில் தூவினால், வியர்வை பட்ட இடம் கருஊதாவாக மாறும், வறண்ட இடம் மாறாமல் நிற்கும். நரம்பு எங்கே அறுந்திருக்கிறது என்பதை நோயாளியின் தோலிலேயே வரைபடமாக இது காட்டிவிடும். இந்தச் சோதனை முறையை உருவாக்கியவர் குட்மன். பிற்காலத்தில் டிஸ்ரிஃப்ளெக்ஸியாவின் உட்பொருளைத் திறந்து காட்டியவர் வியர்வையைப் படிக்கக் கற்ற ஒருவராக அமைந்தது தற்செயல் அன்று.

நாஜிகள் 1933இல் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் அரசு மருத்துவமனைப் பதவியை இழந்த குட்மன், பிரெஸ்லாவின் யூத மருத்துவமனையில் பணியேற்றார். 1938 நவம்பரில் யூதர்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையின் இரவில், வாசலுக்கு வந்த எல்லா ஆண்களையும் காரணம் கேளாமல் சேர்த்துக்கொள்ளும்படி ஆணையிட்டு, மறுநாள் விசாரிக்க வந்த ரகசியப் போலீசாரிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி, ஏறத்தாழ அறுபது பேரைக் கைதிலிருந்து காப்பாற்றினார். 1939இல் குடும்பத்துடன் இங்கிலாந்தில் தஞ்சமடைந்த அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளராக இருந்தார். பிரிட்டன் ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனையைத் திறக்கத் தயாரானபோது, தண்டுவடக் காயமுற்றோர் பெருந்தொகையில் வந்து சேர்வர் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர்களுக்கென ஒரு தனிப் பிரிவை அமைக்க முனைந்தவர் ஜார்ஜ் ரிடோக். 1917இல் ஹெட்டுடன் அமர்ந்து வியர்வையைக் குறித்துவைத்த அதே ரிடோக், கால் நூற்றாண்டுக்குப் பின், அத்தகைய நோயாளிகளை ஓரிடத்தில் திரட்டி ஒரே மருத்துவரிடம் ஒப்படைத்தாலன்றி அவர்களைக் காக்க முடியாது என்று கருதிக் குட்மனை அழைத்தார். பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 பிப்ரவரி 1 அன்று அந்தப் பிரிவு திறக்கப்பட்டது. சிகிச்சையை நடத்துவதில் பிறர் தலையீடு இருக்கக்கூடாது என்பது குட்மன் விதித்த நிபந்தனை.

அங்கே நடந்ததைப் புதிய மருந்தின் வெற்றி என்று மட்டும் சொல்வது பிழையாகும். பெனிசிலின் கிடைக்கத் தொடங்கியிருந்தது, அது உதவியது. ஆனால் பெரும்பகுதி உழைப்பால் ஆனது. ஒவ்வொரு நோயாளியையும் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தனர். நள்ளிரவில் குட்மனே வார்டுக்கு வந்து, புரட்டினார்களா என்று பார்த்தார். சிறுநீர்க் குழாயைக் கையுறையும் கிருமி நீக்கமும் தவறாமல் மருத்துவரே செலுத்த வேண்டும் என்றார். அக்காலத்தில் எளிய வேலை என்று கீழ்நிலை உதவியாளர்களிடம் விடப்பட்ட ஒன்று அது. அறுவை மருத்துவர், சிறுநீரக மருத்துவர், செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர் எனப் பலர் வந்தாலும், நோயாளியின் தோல் முதல் குடல் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரே என்ற ஏற்பாடுதான் புதியது. வீரர்கள் பிழைத்தனர். பிழைத்தவர்கள் தொழில் கற்றனர், அம்பு எய்தனர். லண்டன் ஒலிம்பிக் போட்டி தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே ஸ்டோக் மாண்டவிலில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தையில் போட்டியிட்டனர். பின்னர் பாராலிம்பிக் என்று பெயர்பெற்ற விளையாட்டுகளின் தொடக்கம் அதுவே என்பது பலரும் அறிந்தது.

பலரும் அறியாதது, அதற்கு முந்தைய ஆண்டில் அதே இடத்திலிருந்து வெளிவந்த ஆய்வு. குட்மனும் ஆக்ஸ்ஃபோர்டின் உடலியங்கியல் அறிஞர் டேவிட் விட்டரிட்ஜும், வெவ்வேறு மட்டங்களில் தண்டுவடம் அறுந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, கைவிரல் கால்விரல்களின் இரத்த ஓட்டம் ஆகியவற்றை அளந்தனர். மார்பின் மேற்பகுதியிலோ அதற்கு மேலோ காயம் இருந்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை விம்ம விம்ம அழுத்தம் செங்குத்தாக ஏறியது, நாடி தளர்ந்தது, கால்விரல்களில் இரத்தம் வற்றியது, முகம் சிவந்து வியர்த்தது. திரவத்தை வெளியேற்றியதும் எல்லாம் அடங்கின. காயம் அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அவ்வாறு ஏறவில்லை. 1947இல் பிரெய்ன் இதழில் வந்த இக்கட்டுரை, ஹெட்டும் ரிடோக்கும் விட்ட இடத்தில் தொடங்கி, வியர்வை என்பது வெளித்தோற்றம், இரத்த அழுத்தமே அபாயம் என்று நிறுவியது. காயத்தின் மட்டம் எது என்று தெரிந்தால் யாருக்கு இந்நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பதும் இதனால் தெளிவாயிற்று. ஆய்வுக்கூடக் கருவியோடு வந்த உடலியங்கியல் அறிஞரும், நோயாளிகளை உயிரோடு வைத்திருந்த மருத்துவரும் ஒரே கட்டிலருகே நின்றதால் மட்டுமே இது கைகூடியது.

அமெரிக்காவில் இதே கதை சற்று வேறு வழியில் நடந்தது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் டொனால்ட் மன்ரோ 1936லேயே தண்டுவட நோயாளிகளுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியிருந்தார். போருக்குப் பின் முன்னாள் படைவீரர் நிர்வாகம் தனிப் பிரிவுகளை அமைத்தது. பிராகில் பிறந்து குடியேறிய சிறுநீரகவியல் மருத்துவர் எர்னெஸ்ட் போர்ஸ் கலிஃபோர்னியாவில் நடத்திய பிரிவு அவற்றுள் புகழ்பெற்றது. மார்லன் பிராண்டோவின் முதல் திரைப்படமான தி மென், கலிஃபோர்னியாவில் இருந்த பர்மிங்காம் படைவீரர் மருத்துவமனையில், அங்கிருந்த நோயாளிகளையே உடன் நடிக்கவைத்து எடுக்கப்பட்டு 1950இல் வெளிவந்தது. தண்டுவடக் காயத்தோடு வாழும் மனிதரைப் பொதுமக்கள் அதில் திரையில் கண்டனர். அடிப்படையில் இரு நாடுகளின் அனுபவமும் ஒன்றே: இந்நோயாளிகள் பொது வார்டுகளில் சிதறிக் கிடந்தவரை நிபுணர் தோன்றவில்லை.

நிபுணர்கள் பெருகப் பெருக நோயின் எல்லைகளும் தெரியவந்தன. பன்னாட்டுத் தண்டுவட மருத்துவச் சங்கம் 1961இல் தோன்றி, பாராப்ளீஜியா என்ற ஆய்விதழை 1963இல் தொடங்கியது. கால்கள் செயலிழந்த பெண்கள் தாய்மையடைந்தபோது, கருப்பையின் ஒவ்வொரு சுருக்கத்தோடும் அழுத்தம் எகிறுவதைக் குட்மனும் அவருடைய துணைவர்களும் 1965இல் அந்த இதழில் விவரித்தனர். கர்ப்பகால இரத்த அழுத்த நோய் என்று இதைப் பேறுகால மருத்துவர் தவறாகக் கொள்ள நேர்ந்தால் சிகிச்சை முற்றிலும் திசைமாறிவிடும் என்பதால், இந்த அறிவு எத்தனையோ தாய்மாரின் உயிரோடு தொடர்புடையது. குட்மன் தொடங்கிய விளையாட்டுகளிலேயே இந்நோய் வேறொரு முகத்தோடு தோன்றியதும் வரலாற்றின் ஒரு பகுதி. கழுத்து மட்டத்தில் காயமுற்ற சில வீரர்கள், கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயை வேண்டுமென்றே அடைத்துச் சிறுநீர்ப்பையை விம்மச் செய்து, ஏறும் இரத்த அழுத்தத்தால் சக்கர நாற்காலி ஓட்டத்தில் கூடுதல் வேகம் பெற்றனர். உயிரைப் பணயம் வைக்கும் இந்தப் பழக்கத்தைப் பன்னாட்டுப் பாராலிம்பிக் குழு 1994இல் தடை செய்து, பின்னர் போட்டிக்கு முன் இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையையும் கொண்டுவந்தது. வென்றாக வேண்டும் என்ற வேட்கை எந்த விளையாட்டு வீரருக்கும் உள்ளதே. அதைக் கண்டிப்பதைவிட, அளந்து தடுக்கும் இந்த ஏற்பாடே நல்லது.

தண்டுவட மருத்துவம் ஒரு தனி உட்பிரிவாக அமெரிக்கச் சிறப்பு மருத்துவ வாரியங்களால் ஏற்கப்பட்டது 1995இல்தான். முதல் தகுதித் தேர்வு 1998இல் நடந்தது. அவசரச் சிகிச்சைக்கான நெறிமுறை 1997இல் அமெரிக்காவில் தண்டுவட மருத்துவக் கூட்டமைப்பால் வெளியிடப்பட்டது. அதன் சாரத்தை ஒரு செவிலியர் மனப்பாடமாக வைத்திருக்கலாம்: நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுவது, இறுக்கமான உடையையும் பட்டைகளையும் தளர்த்துவது, இரத்த அழுத்தத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளப்பது, கதீட்டர் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, அது சரியாக இருந்தால் மரப்பூட்டும் களிம்பு தடவி மலக்குடலைச் சோதிப்பது, அழுத்தம் தணியாமல் உயர்ந்தே இருந்தால் விரைவாகச் செயல்பட்டு விரைவாக ஓயும் மருந்தைக் கொடுத்துக் காரணத்தைத் தொடர்ந்து தேடுவது. மயக்கம் என்று எண்ணி நோயாளியைச் சட்டென்று கிடத்துவது எல்லோருக்கும் இயல்பாக வரும் செயல். இந்நோயில் அது தலைக்கு ஏறும் அழுத்தத்தை மேலும் கூட்டும். ஸ்டோக் மாண்டவில் பிறந்த நாட்டிலேயே, பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்படும் தண்டுவட நோயாளிகளுக்கு மலக்குடலைக் காலி செய்யும் அன்றாடப் பராமரிப்புக் கிடைக்காமல் போவதைச் சுட்டி, பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றைத் தேசிய சுகாதாரச் சேவை 2018இல் விடுக்க வேண்டியிருந்தது. நிபுணரை உருவாக்கிவிட்டால் அறிவு தானாகப் பரவிவிடும் என்ற நம்பிக்கை அங்கேயும் பொய்த்தது.

தமிழகத்தில் இவ்வரலாறு ஒரு விபத்தோடு தொடங்குகிறது. கேரளத்தின் செராய் ஊரில் 1925இல் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று அங்கேயே பணியாற்றிய மேரி வர்கீஸ், 1954இல் சக மருத்துவர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்ததில் தண்டுவடம் நசுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைகள் நன்றாக இருக்கின்றன, அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று ஊக்கியவர் தொழுநோய் அறுவையில் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை ஏற்று நடத்தினார். 1966இல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முதல் நிலையம் என்று அது போற்றப்படுகிறது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் வரவழைத்து, உடலைச் சோதித்து, அவர்களுடைய வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்டறியும் மறுவாழ்வுத் திருவிழா அந்த நிலையத்தின் வழக்கமாயிற்று. குட்மன் வார்டில் செய்ததை, பிரிவை விட்டுப் போனவர்களுக்கும் நீட்டிய ஏற்பாடு இது. குணமாகிவிட்டார் என்று ஒருபோதும் கோப்பை மூட முடியாத இந்த நோயில், ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதைவிடப் பெரிய தடுப்பு மருந்து இல்லை.

தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரால் அமைப்புக்குப் பெயரிட்டார். தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவர் தம் வாழ்நாள் முயற்சிக்கு ஒரு மருத்துவரின் பெயரைச் சூட்டியது, தக்க மருத்துவரைக் கண்டடைவது அவர்களுக்கு எத்தகைய பேறு என்பதைச் சொல்லிவிடுகிறது. இன்று மறுவாழ்வு மருத்துவம் இந்தியாவில் முதுநிலைப் பட்டப் படிப்பாக உள்ளது, சென்னை கே.கே. நகரில் இதற்கென அரசு நிலையம் உண்டு. ஆயினும் அதைப் படித்தவர் மற்றச் சிறப்புத் துறையினரோடு ஒப்பிட மிகக் குறைவு, அவர்களும் பெருநகரங்களில் உள்ளனர். பனைமரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரும், இருசக்கர வாகன விபத்தில் கழுத்து முறிந்தவரும் வாழ்வது பெரும்பாலும் அந்த நகரங்களுக்கு வெகுதூரத்தில்.

ஆகவே, இந்த வரலாற்றை அறிந்த ஒருவர் தம் குடும்பத்துக்காக நிபுணரைத் தேடும்போது கேட்க வேண்டியவை பெயர்ப்பலகையில் உள்ள பட்டங்களைப் பற்றியவை அல்ல. அந்த மருத்துவமனையில் தண்டுவட நோயாளிகளைத் தொடர்ந்து சேர்த்துப் பார்க்கிறார்களா, சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் தோலுக்கும் பொறுப்பேற்கும் ஒரே மருத்துவர் இருக்கிறாரா, வீட்டுக்கு அனுப்பியபின் மீண்டும் வரச் சொல்கிறார்களா, நோயாளியின் இயல்பான இரத்த அழுத்தத்தைக் குறித்துவைத்திருக்கிறார்களா என்பவையே ஸ்டோக் மாண்டவிலும் வேலூரும் கற்பித்த கேள்விகள். நள்ளிரவில் தலைவலி தொடங்கும்போது அருகில் இருப்பது நிபுணராக இருக்கப்போவதில்லை. தாலுகா மருத்துவமனையின் பணி மருத்துவரோ 108 ஆம்புலன்ஸ் ஊழியரோதான் இருப்பார். காயத்தின் மட்டம், இயல்பான இரத்த அழுத்தம், எதை முதலில் சோதிக்க வேண்டும், எந்த மருத்துவரை அழைக்க வேண்டும் என்பவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையை, கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் சக்கர நாற்காலியிலேயே வைத்திருக்க வேண்டும். அதை எழுதிக் கையில் கொடுக்காமல் எந்த மருத்துவமனையும் அவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.